எடை மையம் (சிஜி)

மதுரைப் பக்கம் மாதிரி விமானம் விடுகிறவர்கள், புது விமானம் ஒன்று கைக்கு வந்ததும் கேட்பது "சிஜி பாத்தாச்சா?" என்றுதான். சென்டர் ஆஃப் கிராவிட்டி என்பதன் சுருக்கம் சிஜி. விமானத்தின் மொத்தக் கனமும் எந்தப் புள்ளியில் குவிந்திருப்பதாக வைத்துக்கொண்டால் கணக்கு சரியாக வருமோ, அந்தப் புள்ளி. அதற்கு நேர்கீழே விரல் கொடுத்துத் தூக்கினால் விமானம் மூக்குப் பக்கமும் சாயாது, வால் பக்கமும் சாயாது.

சென்டருக்கு வேர் கிரேக்கத்துக் கென்ட்ரான். முதலில் அது மாடு ஓட்டும் தார்க்குச்சியின் கூர்முனை. பிறகு கவராயத்தின் ஊன்றுமுனை. கடைசியில் வட்டத்தின் நடுப்புள்ளியே அந்தப் பெயருக்கு உரியதாகிவிட்டது. நாம் சொல்லும் கேந்திரமும் இதே சொல்தான், வடமொழி வழியாக வந்தது. கிராவிட்டி, லத்தீனில் கனமான என்று பொருள்படும் கிராவிஸிலிருந்து பிறந்தது. ஆர்க்கிமிடீஸ் கி.மு. 3ஆம் நூற்றாண்டிலேயே இந்தப் புள்ளியை வைத்துக் கணக்குப் போட்டார். அவர் பேசியது கனத்தின் மையத்தைப் பற்றி. பூமி இழுக்கிறது என்ற நியூட்டனின் விளக்கம் வந்தது 1687இல்.

பாடநூல்களில் இருக்கும் ஈர்ப்பு மையம் என்ற சொல் அந்தப் பிந்தைய பொருளைப் பிடித்துக்கொண்டது. தவறில்லை, தேர்வில் அதையே எழுதலாம். ஆனால் விமானத்தைக் கையில் வைத்திருப்பவருக்கு எடை மையம்தான் பொருத்தம் என்பது என் உறுதியான எண்ணம். எடை என்பது எடு என்பதிலிருந்து வருகிறது. தூக்கு என்றாலும் உயர்த்து, நிறுத்துப் பார் என்று இரண்டு பொருளும் உண்டு. சிஜி பார்ப்பதும் தூக்கிப் பார்ப்பதுதானே! நிறை மையம் (சென்டர் ஆஃப் மாஸ்) என்பது இயற்பியலில் தனிச்சொல். நம் விமானத்தின் அளவுக்கு இரண்டும் ஒரே புள்ளியில்தான் விழும்.

வழக்கமான விமானங்களில் இந்தப் புள்ளி, இறக்கையின் முன்விளிம்பிலிருந்து அதன் அகலத்தில் (முன்விளிம்புக்கும் பின்விளிம்புக்கும் இடையிலான தூரத்தில்) 25 முதல் 33 விழுக்காட்டுக்குள் இருக்கும். 20 செ.மீ. அகலமுள்ள நேர் இறக்கை என்றால் 5 செ.மீ. தள்ளி, அடியில் இரு பக்கமும் பேனாவால் புள்ளி வைத்து, ஆள்காட்டி விரல்களை அங்கே கொடுக்க வேண்டும். பேட்டரி, ப்ரொப்பெல்லர், சக்கரம் எல்லாம் மாட்டிய பிறகுதான் இந்தச் சோதனை.

மின்சார விமானத்தில் பெரும்பாலும் தனிப்பொருளாக அதிகக் கனம் பேட்டரிதான். அது நல்லதுக்கே. ஈயத்துண்டை ஒட்டிக் கனத்தைக் கூட்டாமல் பேட்டரியை நகர்த்தியே சரிசெய்துகொள்ளலாம். 800 கிராம் விமானத்தில் 180 கிராம் லைப்போ (லித்தியம் பாலிமர்) பேட்டரியை 4 செ.மீ. முன்னே தள்ளினால் எடை மையம் 9 மி.மீ. முன்னே வரும் (180ஐ 40ஆல் பெருக்கி 800ஆல் வகுத்தால் போதும்). எரிபொருள் எஞ்சினில் டேங்க் காலியாகக் காலியாகக் கனம் குறையும், அதனால் டேங்கை முடிந்தவரை எடை மையத்துக்கு அருகில் வைப்பது நல்லது. பேட்டரிக்கு அந்தத் தொல்லை இல்லை; சார்ஜ் தீர்ந்தாலும் கனம் அப்படியே இருக்கும்.

ஒத்தக்கடை தாண்டி, யானைமலை தெரிகிற அறுத்த வயலில் நின்றால் "அண்ணே, டெயில் ஹெவியா இருக்கு", "பேட்டரியக் கொஞ்சம் முன்னால தள்ளுப்பா" என்ற பேச்சு காதில் விழும். டெயில் ஹெவிக்கு வால் கனம், நோஸ் ஹெவிக்கு மூக்குக் கனம் என்றால் யாருக்கும் புரியும். வால் கனத்தில் எலிவேட்டரை (மூக்கை ஏற்றி இறக்கும், வாலில் உள்ள அசையும் தகடு) லேசாகத் தொட்டாலே மூக்கு எகிறி, வேகம் செத்து, விமானம் குப்புற விழும். மூக்குக் கனத்தில் எலிவேட்டரை எப்போதும் மேலே பிடிக்க வேண்டும், இறக்கும்போது வேகமும் கூடுதலாகத் தேவைப்படும், ஆனாலும் ஓட்டிவிடலாம். அதனால் முதல் பறப்புக்குக் கொஞ்சம் மூக்குக் கனமே மேல்.

சரியான இடம் கிடைத்ததும் பேட்டரியை வெல்க்ரோ பட்டையால் இறுக்கி, அதன் முன்முனை நிற்கும் இடத்தில் ஒரு கோடு போட்டுவிட வேண்டும். வேறு பேட்டரி மாற்றினால் அந்தக் கோடு செல்லாது, மறுபடி தூக்கிப் பார்க்க வேண்டும்.