மண்ணெண்ணெயில் ஓடிய ஒஸ்ரின்: பழைய கார்களின் கைமருந்தும் அதன் அறிவியலும்

1990ஆம் ஆண்டின் நடுப்பகுதியில் போர் மீண்டும் மூண்டபோது யாழ்ப்பாணக் குடாநாட்டுக்குப் பெற்றோல் வருவது ஏறக்குறைய நின்றுபோயிற்று. பொருளாதாரத் தடையின் கீழ் மண்ணெண்ணெய் மட்டும், அதுவும் மட்டுப்படுத்தப்பட்ட அளவில், கிடைத்தது. அதன் பின்னான ஐந்து ஆண்டுகளில் எங்கள் ஒழுங்கைகளில் ஓடித் திரிந்த கார்களில் பல, 1950களில் இங்கிலாந்தில் செய்யப்பட்ட ஒஸ்ரின் ஏ40, ஒஸ்ரின் கேம்பிரிட்ஜ், மொறிஸ் மைனர் ஆகியவையே. நோயாளியை ஆஸ்பத்திரிக்கு ஏற்றிச் சென்றதும், மணமக்களைக் கோயிலுக்குக் கொண்டுபோனதும், இடம்பெயர்ந்தவர்களின் பாய்களையும் சட்டி பானைகளையும் சுமந்ததும் அவைதாம். அவை ஓடியது மண்ணெண்ணெயில். சைலன்சரிலிருந்து வந்த வெண்புகை கண்ணைக் கரித்ததும், அதன் நெடி உடுப்பில் ஊறி நின்றதும் அக்காலத்தில் வாழ்ந்த எவருக்கும் மறக்காது.

பெற்றோலுக்கென வடிவமைக்கப்பட்ட ஓர் எஞ்சின் விளக்கெரிக்கப் பயன்பட்ட மண்ணெண்ணெயில் எப்படி ஓடியது என்பதை விளங்கிக்கொள்ள, இரண்டு எரிபொருள்களும் எவ்வகையில் வேறுபடுகின்றன என்பதை முதலில் பார்க்க வேண்டும். இரண்டுமே மசகெண்ணெயை (கச்சா எண்ணெயை) காய்ச்சி வடிக்கும்போது பிரிகின்ற ஐதரோகாபன் கலவைகள். பெற்றோலின் மூலக்கூறுகள் சிறியவை. அதன் இலேசான பகுதி 40 பாகை செல்சியஸ் அளவிலேயே கொதிக்கத் தொடங்கிவிடும். மண்ணெண்ணெயின் மூலக்கூறுகள் பெரியவை. அது கொதிக்கத் தொடங்குவதற்கே ஏறத்தாழ 150 பாகை வேண்டும். எஞ்சினுக்குள் எரிவது திரவம் அன்று, ஆவியே. காபரேற்றர் எரிபொருளைக் காற்றோடு தூவிக் கலக்கிறது. அத்துளிகள் ஆவியாகிக் காற்றோடு சேர்ந்தால்தான் பிளக்கின் பொறி அவற்றைப் பற்றவைக்கும். பெற்றோல் குளிர்ந்த எஞ்சினிலும் போதிய அளவு ஆவியாகிவிடும். மண்ணெண்ணெயோ குளிர்ந்த இரும்புச் சுவரில் பட்டவுடன் துளியாக ஒட்டிக்கொண்டு வழிந்துவிடும்.

ஆகவேதான் அக்காலத்துச் சாரதிகள் ஒரு சிறு போத்தலில் கொஞ்சம் பெற்றோலைப் பொன்போலப் பாதுகாத்து வைத்திருந்தார்கள். காபரேற்றரின் வாயில் அதிலிருந்து சில துளிகளை விட்டு எஞ்சினை இயக்குவார்கள். அது சூடேறும் வரை இன்னும் சில துளிகள் கொடுத்து உயிரோடு வைத்திருந்து, பின்னர் மண்ணெண்ணெய்க்கு மாற்றிவிடுவார்கள். மொறிஸ் மைனரின் எஞ்சினில் காற்றை உள்ளிழுக்கும் குழாயும் புகையை வெளியேற்றும் குழாயும் ஒரே பக்கத்தில், ஒன்றையொன்று தொட்டபடி அமைந்திருக்கின்றன. இங்கிலாந்தின் குளிரில் பெற்றோல் ஆவியாவதற்காகச் செய்யப்பட்ட அந்த ஏற்பாடு, யாழ்ப்பாணத்தில் மண்ணெண்ணெயை ஆவியாக்கும் அடுப்பாக மாறியது. ரேடியேற்றரின் முன்னால் ஒரு மட்டையையோ சாக்குத் துண்டையோ செருகிக் காற்றைக் குறைத்து எஞ்சினைச் சற்றுக் கூடுதலான சூட்டில் வைத்திருப்பதும் இதே நோக்கத்துக்காகத்தான்.

இதை வெறும் ஒப்பேற்றல் என்று எண்ணிவிடக் கூடாது. 1949இல் வெளிவந்த பெர்குசன் உழவு இயந்திர வகை ஒன்று, மண்ணெண்ணெயை ஒத்த மலிவான எண்ணெயில் ஓடுவதற்கென்றே தொழிற்சாலையில் செய்யப்பட்டது. பெற்றோலில் தொடங்கி, சூடேறிய பின் மறு எண்ணெய்க்கு மாற்றும் முறைதான் அதிலும் இருந்தது. குருநகரிலும் பருத்தித்துறையிலும் மீன்பிடிப் படகுகளில் பூட்டப்படும் மண்ணெண்ணெய் வெளியிணைப்பு இயந்திரங்களும் இவ்வாறே இயங்குகின்றன. எங்கள் மெக்கானிக்குகள் அந்தப் பொறியியலாளர்களின் விடைக்கே, வரைபடமும் உதிரிப்பாகமும் இன்றி, வேறொரு வழியால் வந்து சேர்ந்தார்கள் என்றே நான் கருதுகிறேன்.

ஆவியாக்குவது பாதிப் பிரச்சினைதான். மறுபாதி, நேரத்தோடு எரியச் செய்வது. சிலிண்டருக்குள் பிஸ்ரன் மேலே வரும்போது கலவை நெருக்கப்பட்டுச் சூடேறுகிறது. பொறி விழுந்ததும் சுவாலை பிளக்கிலிருந்து தொடங்கிச் சீராகப் பரவ வேண்டும். ஆனால் எரிபொருள் பொறுமையற்றதாக இருந்தால், சுவாலை வந்து சேருமுன்னரே தூரத்து மூலையில் உள்ள கலவை தானாகவே வெடித்துவிடும். அப்போதுதான் எஞ்சினுக்குள் சுத்தியலால் தட்டுவது போன்ற ஒலி கேட்கும். இந்தத் தட்டலுக்கு எரிபொருள் எவ்வளவு ஈடுகொடுக்கும் என்பதைக் காட்டுவதே ஒக்ரேன் எண். இலங்கையில் சாதாரணமாக விற்கப்படும் பெற்றோலின் எண் 92. மண்ணெண்ணெயின் எண் அதன் பாதியைக்கூட எட்டாது.

இங்கேதான் பழைய காரின் பெருந்தன்மை வெளிப்படுகிறது. 1952இல் வந்த ஏ40 சொமர்செற்றின் எஞ்சின் கலவையை ஏழில் ஒரு பங்கு அளவுக்கே நெருக்குகிறது. அதன் நெருக்கல் விகிதம் 7.2. இன்றைய கார்களில் அது 10ஐயும் தாண்டும். எளிய கணக்கொன்று போட்டுப் பார்த்தால், நெருக்கல் முடியும் தறுவாயில் பழைய எஞ்சினின் கலவை புதிய எஞ்சினின் கலவையைவிட 70 பாகை அளவு குளிர்ச்சியாக இருக்கும் என்று வருகிறது. தானாக வெடிக்கும் எல்லைக்கு அருகில் நிற்கும் எரிபொருளுக்கு இந்த 70 பாகை பெரிய இடைவெளி. அதுவும் போதாதபோது பிளக்குகளுக்கு மின்சாரத்தைப் பகிரும் டிஸ்ரிபியூற்றரைச் சற்றுத் திருப்பிப் பொறி விழும் கணத்தைப் பிந்தச் செய்வார்கள். பிஸ்ரன் உச்சியை அடைந்து இறங்கத் தொடங்கும்போதே அழுத்தம் உச்சம் பெறுவதால் தட்டல் குறையும். சிலர் சிலிண்டர் தலைக்குக் கீழே ஒன்றுக்கு இரண்டாகக் கஸ்கெற் வைத்து, எரியும் அறையின் கொள்ளளவைக் கூட்டி, நெருக்கலை மேலும் தணிப்பார்கள். ஒரு லீற்றர் மண்ணெண்ணெயில் ஒரு லீற்றர் பெற்றோலைவிடச் சற்றுக் கூடுதலான சக்தி அடங்கியிருந்தும் வண்டி சோம்பலாக ஓடியதற்கு, பிந்திய பொறியும் அரைகுறை எரிதலுமே காரணம்.

இந்த வைத்தியத்துக்கு எஞ்சின் கொடுத்த விலையையும் சொல்லியாக வேண்டும். ஆவியாகாத மண்ணெண்ணெய் சிலிண்டர் சுவரில் உள்ள மெல்லிய ஒயில் படலத்தைக் கழுவிக்கொண்டு, பிஸ்ரன் வளையங்களைக் கடந்து, கீழே ஒயில் தொட்டியில் போய்ச் சேரும். ஒயில் அளவுகோலை இழுத்துப் பார்த்தால், குறைய வேண்டிய ஒயில் கூடியிருக்கும்! அனுபவமற்றவர் இதைக் கண்டு மகிழ்ந்துவிடக்கூடும். உண்மையில், ஒயில் ஐதாகி, சுழலும் தண்டுகளைத் தாங்கும் பெயரிங்குகளைக் காக்கும் தன்மையை இழந்துவிட்டது என்பதற்கான எச்சரிக்கை அது. அளவுகோலை முகர்ந்து பார்த்து மண்ணெண்ணெய் நெடி அடித்தால் ஒயிலை மாற்றிவிட வேண்டும். மாற்ற ஒயில் கிடைக்காத நாட்களில்தான் பல எஞ்சின்கள் தேய்ந்து போயின. பிளக்குகளில் படிந்த கரியைக் கம்பித் தூரிகையால் சுரண்டுவது அன்றாடக் கடமையாயிற்று. 2022இல் எரிபொருள் வரிசைகள் நீண்டபோது இன்றைய காரில் இதைச் செய்ய முடியாதா என்று சிலர் கேட்டார்கள். முடியாது. உயர்ந்த நெருக்கல் விகிதமும், நுண்ணிய துளைகளால் எரிபொருளைப் பீச்சும் ஊசிகளும், புகைக் குழாயில் இருக்கும் ஒட்சிசன் உணரியும் புகையைச் சுத்திகரிக்கும் வினையூக்கி மாற்றியும் இந்த எண்ணெய்க்கு இடம் கொடுக்கமாட்டா.

சூடான எஞ்சினைப் பற்றிப் பேசினால் நீரைப் பற்றியும் பேச வேண்டும், ஏனெனில் குடாநாட்டின் நீர் ரேடியேற்றருக்கு நண்பன் அன்று. எங்கள் கிணறுகள் சுண்ணாம்புக் கல்லில் வெட்டப்பட்டவை. மழைநீர் மண்ணிலிருந்து காபனீரொட்சைட்டை ஏற்று மெல்லிய அமிலமாகிக் கல்லைக் கரைத்துக்கொண்டு கிணற்றில் ஊறுகிறது. அதில் கல்சியம் இருகாபனேற்று கரைந்திருக்கிறது. அதைச் சூடாக்கினால் காபனீரொட்சைட்டு வெளியேறி, கரையாத கல்சியம் காபனேற்று படிகிறது. கேத்திலின் அடியில் எல்லா வீட்டிலும் காணும் வெள்ளைப் படிவு இதுதான். இதே படிவு எஞ்சினின் நீரறைகளிலும் ரேடியேற்றரின் மெல்லிய குழாய்களிலும் கண்ணுக்குத் தெரியாமல் வளர்கிறது. வார்ப்பிரும்பு வெப்பத்தைக் கடத்தும் அளவில் இருபதில் ஒரு பங்கைக்கூட இப்படிவு கடத்தாது. ஆகவே 1 மில்லிமீற்றர் படிவு, எஞ்சின் சுவரை 20 மில்லிமீற்றருக்கும் மேல் தடிப்பாக்கியதற்குச் சமம். ஏற்றமே இல்லாத தட்டை ஊரில் கார் கொதித்து நிற்பதற்குப் பெரும்பாலும் இதுவே காரணமாக இருக்கும்.

இதற்கு ஒரு செலவும் இல்லாத மருந்து ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் வானத்திலிருந்து விழுகிறது. மழைநீரில் கரைந்த சுண்ணாம்பு இல்லை. கூரையிலிருந்து வடியும் முதல் மழையை விட்டுவிட்டு, அடுத்த மழையில் சில போத்தல்களைப் பிடித்து மூடி வைத்தால், ஓர் ஆண்டுக்கு ரேடியேற்றருக்குப் போதும். ஏற்கெனவே படிந்ததை அகற்ற அமிலம் வேண்டும். தேசிக்காயில் உள்ள சித்திரிக் அமிலம் அதைச் செய்யும். பித்தளைக் குத்துவிளக்கைப் புளி போட்டுத் துலக்குவது எமக்குப் பழக்கமானது. ஆனால் ரேடியேற்றரில் அமிலத்தை நெடுநேரம் விடக் கூடாது, ஏனெனில் சுண்ணாம்பு தீர்ந்ததும் அது உலோகத்தையும் ஈய ஒட்டையும் அரிக்கத் தொடங்கும். நுரை அடங்கியதும் வெளியேற்றி, நல்ல நீரால் பல முறை கழுவ வேண்டும்.

வழியில் ரேடியேற்றர் ஒழுகத் தொடங்கினால் முட்டையின் வெண்கருவையோ மஞ்சள் தூளையோ உள்ளே விடும் வழக்கமும் அறிவியலுக்கு உட்பட்டதே. வெண்கருவின் புரதம் 60 பாகைக்கு மேல் இறுகத் தொடங்கும். மஞ்சளில் உள்ள மாப்பொருள் சூட்டில் களியாகும். துளையை நோக்கி ஓடும் நீரோடு போய் அங்கே அடைத்துக்கொள்ளும். நல்ல குழாயையும் அதேபோல் அடைக்கும் என்பதால், வீடு வந்து சேர்வதற்கு மட்டுமே இது உதவும்.

பெற்றோல் தொட்டி ஒழுகும்போது பலர் தவறு செய்வார்கள். சைக்கிள் ரியூப்பை வெட்டிச் சுற்றினால் இறப்பர் பெற்றோலை உறிஞ்சி ஊதிப் பிதுங்கிவிடும். மெழுகை உருக்கி ஊற்றினால் கரைந்து போய்விடும். மூன்றும் ஐதரோகாபன்கள், ஒத்தது ஒத்ததைக் கரைக்கும். சவர்க்காரக் கட்டியை எடுத்துத் துளையில் அழுத்தித் தேய்த்தால் அது நிற்கும். சவர்க்காரம் கொழுப்பமிலத்தின் சோடியம் உப்பு. அதன் ஏற்றம் கொண்ட தலைகள் ஒன்றையொன்று இறுகப் பற்றியிருப்பதால் பெற்றோலால் அவற்றைப் பிரிக்க முடிவதில்லை. நீர் பட்டால் மட்டும் கரையும், ஆகவே மழையில் இதை நம்பக் கூடாது. சவர்க்காரமே தடைசெய்யப்பட்டு, பனம்பழக் களியால் உடுப்புத் தோய்த்த காலத்தில், ஒரு துண்டுச் சவர்க்காரத்தைக் காருக்குக் கொடுப்பது வீட்டில் எளிதாக ஒப்புக்கொள்ளப்பட்ட செலவாக இருந்திராது.

கராச்சுக்கு வந்த பின் தொட்டியை ஈயம் உருக்கி ஒட்டுவதுதான் நிரந்தர வழி. அதைச் செய்கையில் வெறுந் தொட்டியைப் பாதுகாப்பானது என்று நினைப்பது உயிருக்கே ஆபத்து. காற்றில் பெற்றோல் ஆவி ஏறத்தாழ 1.4 முதல் 7.6 வீதம் வரை இருக்கும்போதுதான் அது வெடிக்கும். நிறைந்த தொட்டியில் ஆவி செறிந்து காற்றுக்கு இடமின்றி இருக்கும். வடித்து வெறுமையாக்கிய தொட்டியிலோ, மூலையில் ஒட்டியிருக்கும் சில துளிகளே அந்த எல்லைக்குள் கலவையைக் கொண்டுவந்துவிடும். ஆகையால் முதலில் கொதிநீராலும் சவர்க்காரத்தாலும் பல முறை கழுவி, பின்னர் துளை மேலே இருக்கும்படி தொட்டியைத் திருப்பி, துளைக்கு ஒரு விரற்கடை கீழே வரை நீரை நிரப்பி, வாயைத் திறந்தே வைத்து, நெருப்புச் சுவாலை இன்றிச் சூடாக்கிய செப்பு ஒட்டுக்கோலால் மட்டும் ஒட்ட வேண்டும்.