காட்டுக்கீரையின் தற்காப்பும் அடுக்களையின் பதிலும்

ஐப்பசி மழை நன்றாகப் பெய்துவிட்டால், தமிழகத்தின் கொல்லைகளிலும் தரிசுகளிலும் வரப்போரங்களிலும் யாரும் விதைக்காத கீரைகள் தாமாக முளைக்கின்றன. குப்பைக்கீரை, பண்ணைக்கீரை, தொய்யக்கீரை, மூக்கிரட்டை, சாரணை, புளியாரை, மணத்தக்காளி என்று ஒரே நடையில் பல வகைகளைக் கிள்ளி மடியில் சேர்த்துக்கொண்டு வரும் பெண்களை இன்றும் கிராமங்களில் காணலாம். இந்தச் செடிகளுக்கு மருந்து அடிப்பவரும் இல்லை, வேலி கட்டுபவரும் இல்லை. ஓடி ஒளிய முடியாத செடி, தன்னைத் தின்ன வரும் ஆட்டையும் புழுவையும் தடுப்பதற்குத் தன் உடம்பிலேயே பலவகை வேதிப்பொருள்களைச் சேர்த்து வைத்துக்கொள்கிறது. வேகவைத்து நீரை வடிப்பது, எண்ணெயில் வதக்குவது, தயிர் சேர்ப்பது, பழுத்ததை மட்டும் பறித்துத் தின்பது ஆகிய நம் வழக்கங்கள் ஒவ்வொன்றும் அத்தகைய ஒரு பொருளுக்கான பதிலாக அமைந்திருக்கின்றன. எந்தப் பொருளுக்கு எந்தப் பதில் என்று அறிந்துகொண்டால், எந்தக் கீரையை எப்படிச் சமைப்பது என்பதும் தெளிவாகும்.

தரையோடு படரும் பருப்புக்கீரையை முதலில் எடுத்துக்கொள்வோம். ஊருக்கு ஊர் இதன் பெயர் மாறுவதால் அடையாளத்தைச் சொல்லிவிடுவது நல்லது: சிவந்த, வழவழப்பான, நீர் நிறைந்த தண்டு, கரண்டி வடிவில் தடித்த சிறிய இலைகள், வெயிலேறும்போது விரியும் மஞ்சள் பூ. தாவரவியலில் இதன் பெயர் போர்ட்டுலாகா ஒலரேசியா. இது வளரும் இடத்திலேயே சித்திரப்பாலாடை போன்ற பால் வடியும் சிறு செடிகளும் தரையில் படர்ந்திருக்கும். தண்டை ஒடித்தால் வெள்ளைப் பால் கசிகிறதா, தெளிந்த நீர் கசிகிறதா என்று பார்க்க வேண்டும். பால் கசிந்தால் அது பருப்புக்கீரை அன்று.

இந்தக் கீரையின் புளிப்பு ஒரு நாளுக்குள்ளேயே ஏறி இறங்குகிறது என்பது எனக்குத் தாவர உலகின் மிக அழகான செய்திகளுள் ஒன்று. நீர் போதிய அளவு இருக்கும்போது பருப்புக்கீரை, சோளத்தையும் கரும்பையும் போல, கரியமில வாயுவைத் திறம்படப் பிடிக்கும் ‘சி4’ வழியில் ஒளிச்சேர்க்கை செய்கிறது. மண் காய்ந்துவிட்டாலோ, அன்னாசியும் கள்ளியும் கையாளும் வேறொரு வழியையும் சேர்த்துக்கொள்கிறது. பகலில் இலைத்துளைகளைத் திறந்தால் நீர் ஆவியாகிவிடும் என்பதால், இரவில் திறந்து கரியமில வாயுவை உள்வாங்கி, அதை மாலிக் அமிலமாக மாற்றிச் சேமித்து வைக்கிறது. விடிந்தபின் துளைகளை மூடிக்கொண்டு, அந்த அமிலத்திலிருந்து வாயுவைத் திரும்ப எடுத்துச் சர்க்கரை தயாரிக்கிறது. இவ்விரண்டு வழிகளும் இலையின் ஒரே செல்களுக்குள் இணைந்து நடைபெறுகின்றன என்பதை யேல் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2022-ஆம் ஆண்டில் வெளியிட்டனர். சமைப்பவருக்கு இதனால் ஆவது என்னவென்றால், வறண்ட நாள்களில் விடியற்காலையில் பறித்த கீரை நன்றாகப் புளிக்கும், மாலையில் பறித்தது அவ்வளவாகப் புளிக்காது. ஆகவே காலையில் பறித்ததைக் கடையும்போது புளியைக் குறைத்துக்கொள்ளலாம்.

அதே இலையில் ஆக்சாலிக் அமிலமும் அதன் உப்புகளான ஆக்சலேட்டுகளும் மிகுதியாக உள்ளன. இவற்றைப் பற்றிய அச்சமும் அலட்சியமும் ஒரே அளவில் பரவியிருப்பதால் சற்று விரிவாகப் பார்க்க வேண்டியிருக்கிறது. ஆக்சலேட்டு கீரையில் இரண்டு நிலைகளில் இருக்கிறது. சோடியத்தோடும் பொட்டாசியத்தோடும் சேர்ந்திருப்பது நீரில் கரையும். கால்சியத்தோடு சேர்ந்திருப்பது கரையாது. கரையாதது பெரும்பாலும் குடலைக் கடந்து வெளியேறிவிடுகிறது. கரைவதுதான் குடலில் உறிஞ்சப்பட்டுச் சிறுநீரகத்தை அடைந்து, அங்கே கால்சியத்தைச் சந்தித்துப் படிகமாகிறது. சிறுநீரகக் கற்களில் பெரும்பாலானவை இந்தக் கால்சியம் ஆக்சலேட்டால் ஆனவையே.

இதை அடுக்களையில் இரண்டு இடங்களில் தடுக்கலாம். கீரையைத் தாராளமான நீரில் கொதிக்கவைத்து அந்நீரைக் கொட்டிவிட்டால், கரையும் ஆக்சலேட்டில் கணிசமான பங்கு அதனோடு போய்விடும். அல்லது கீரையோடு தயிரோ மோரோ சேர்த்தால், அவற்றிலுள்ள கால்சியம் கிண்ணத்திலும் குடலிலுமே ஆக்சலேட்டைப் பிணைத்துவிடுவதால், உடம்புக்குள் ஏறக்கூடிய அளவு குறைகிறது. பருப்புக்கீரையைத் தயிருடன் கலந்தபோது கரையும் ஆக்சலேட்டு குறைந்ததை நியூசிலாந்தில் நடந்த ஓர் ஆய்வு அளந்தே காட்டியிருக்கிறது. நீரை வடிப்பதற்கு ஒரு விலை உண்டு: வைட்டமின் சி-யும், ஃபோலேட்டு என்ற பி வகை வைட்டமினும் அந்த நீரோடு வெளியேறிவிடுகின்றன. ஆதலால் எல்லாக் கீரைக்கும் வடிப்பது தேவையற்ற இழப்பு என்பதே என் கருத்து. பருப்புக்கீரை, சாரணை, புளியாரை ஆகியவற்றுக்கு வடிப்பது பொருந்தும். ஆக்சலேட்டு குறைந்த கீரைகளை அளவான நீரில் வேகவைத்து அந்நீரோடே கடைந்துவிடலாம். பருப்புக்கீரையில் ஒமேகா-3 வகையைச் சேர்ந்த ஆல்ஃபா லினோலெனிக் அமிலம் 100 கிராமுக்கு ஏறத்தாழ 300 முதல் 400 மில்லிகிராம் வரை உள்ளது; இலைக்கறிகளில் இது அரிதான அளவு. கொழுப்பு வகையைச் சேர்ந்த அது நீரில் கரையாது என்பதால், வடிப்பதற்காக அதை இழந்துவிடுவோமோ என்று அஞ்ச வேண்டியதில்லை.

கால்சியம் ஆக்சலேட்டு கரையாத நிலையிலும் தீங்கு செய்வதுண்டு. பிரண்டையை வெறுங்கையால் நறுக்கியவர்களுக்கு அது தெரியும். அங்கே அது நுண்ணிய, இருபுறமும் கூரான ஊசிகளாகக் கற்றை கற்றையாகச் செல்களுக்குள் அடுக்கப்பட்டிருக்கிறது. ஊசி குத்துவது மட்டுமே அரிப்புக்குக் காரணமா என்ற கேள்விக்கு, ஜப்பானில் 2014-இல் வெளியான ஒரு சோதனை தெளிவான விடை தந்தது. கிவிப் பழத்திலிருந்து பிரித்த ஊசிகளை மட்டும் ஆமணக்கு இலையில் தடவி ‘எரி’ என்னும் வகைப் பட்டுப்புழுக்களுக்குக் கொடுத்தபோது பெரிய பாதிப்பு ஏற்படவில்லை; புரதத்தைச் செரிக்கும் நொதியை மட்டும் தடவியபோதும் ஏற்படவில்லை; இரண்டையும் சேர்த்துத் தடவியபோது புழுக்கள் கருத்து இறந்தன. மருத்துவர் போடும் ஊசி தோலைத் துளைத்து மருந்தை உள்ளே இறக்குவதுபோல, படிக ஊசிகள் திறந்துவிட்ட துளைகளின் வழியே நொதி உள்ளே சென்று வேலை செய்கிறது. சேப்பங்கிழங்கின் அரிப்பிலும் ஊசிகளில் ஒட்டியிருக்கும் புரதத்துக்குப் பங்கு உண்டு.

வெப்பம் படிகத்தை அழிப்பதில்லை, புரதத்தைச் சிதைக்கிறது. பிரண்டையின் நாரை உரித்துவிட்டு, நல்லெண்ணெயில் நிறம் மாறிச் சுருளும்வரை வதக்கிய பிறகே துவையலுக்கு அரைக்கும் வழக்கம் இந்த வகையில் பொருள் உடையது. எண்ணெயின் சூடு கொதிநீரின் 100 பாகையைத் தாண்டக்கூடியது. நறுக்குவதற்கு முன் கையில் எண்ணெய் தடவிக்கொள்வது, சாறு தோலில் நேரடியாகப் படாமல் ஒரு படலமாக நின்று காக்கிறது. புளி அந்த ஊசிகளைக் கரைத்துவிடும் என்று பலரும் சொல்வதை மட்டும் என்னால் ஏற்க முடியவில்லை. கால்சியம் ஆக்சலேட்டு வலிமையான அமிலங்களில் கரையும். புளியிலுள்ள டார்டாரிக் அமிலம் அந்த அளவுக்கு வலிமையானது அன்று. புளி சேர்த்துவிட்டோம் என்ற நம்பிக்கையில் அரைகுறையாக வதக்கக் கூடாது.

மணத்தக்காளியின் நிலைமை வேறு. அதன் பச்சைக் காய்களில் உருளைக்கிழங்கின் பச்சைத் தோலில் காணப்படுவதைப் போன்ற கிளைக்கோ ஆல்கலாய்டுகள் என்னும் நச்சுப்பொருள்கள் உள்ளன. இவை கொதிநீரின் வெப்பத்துக்கு எளிதில் சிதைவதில்லை. விதை முற்றிப் பழம் கருத்துவரும்போது, அதைப் பறவை தின்று விதையைப் பரப்ப வேண்டும் என்பதால், செடி இந்தக் காப்பைத் தானே தளர்த்திக்கொள்கிறது. இங்கே காப்பது அடுப்பு அன்று, பறிப்பவரின் கண். பழுத்ததை அப்படியே தின்னலாம். பச்சைக் காயை மோரில் ஊறவைத்துக் காயப்போட்ட வற்றலைக் கைப்பிடியளவு வறுத்துக் குழம்பில் போடலாமே தவிர, காயைப் பச்சையாகத் தின்னக் கூடாது.

எந்தக் கீரையானாலும் தளிரைப் பறிப்பது என்ற விதி மிகப் பழமையானது. புறநானூற்றின் 159-ஆம் பாடலில் வறுமையுற்ற பெண் ஒருத்தி, முன்பு கொய்த கணுக்களில் மீண்டும் கிளைத்த குப்பைக்கீரையின் முற்றாத இளந்தளிரைக் கொய்து, உப்பின்றி நீரில் வேகவைத்து, மோரும் இன்றி உண்கிறாள். கொய்த இடத்தில் மறுபடி தளிர்ப்பதற்குக் காரணம் ஆக்சின் என்ற இயக்குநீர். அது தண்டின் நுனிக்குருத்தில் உருவாகிக் கீழிறங்கி, பக்க அரும்புகளை உறங்கவைத்திருக்கிறது. நுனியைக் கிள்ளியதும் அந்தத் தடை நீங்கிப் பக்க அரும்புகள் கிளைக்கின்றன. வேரோடு பிடுங்காமல் நுனியைக் கிள்ளினால், நார் ஏறாத இலை திரும்பத் திரும்பக் கிடைக்கும்.

சமையலால் சரிசெய்ய முடியாத கேடு ஒன்று உண்டு. அது செடியிடமிருந்து வருவதன்று, மண்ணிலிருந்து வருவது. ஈயம் கலந்த பெட்ரோல் இந்தியாவில் 2000-ஆம் ஆண்டில் நிறுத்தப்பட்டது. ஆனால் ஈயம் சிதையாத தனிமம் ஆதலால், நெடுங்காலம் வண்டிகள் ஓடிய சாலைகளின் ஓர மண்ணில் அது தங்கியிருக்கக்கூடும். சாக்கடை நீர் பாயும் இடங்களில் காட்மியம் என்ற நச்சு உலோகமும் சேர்கிறது. குப்பைக்கீரையின் இனம் அதை வேர்வழி உறிஞ்சி இலையில் சேர்த்துக்கொள்ளக்கூடியது. இலையின் மேல் படிந்த தூசியைக் கழுவலாம்; உள்ளே ஏறிய உலோகத்தைக் கழுவவும் முடியாது, வேகவைத்துச் சிதைக்கவும் முடியாது. சாலையோரம், கால்வாய்க் கரை, களைக்கொல்லி தெளித்த வயல் ஆகியவற்றைத் தவிர்த்து, வரலாறு தெரிந்த கொல்லையிலும் வரப்பிலும் மட்டுமே பறிக்க வேண்டும். நகரத்தில் வாழ்பவருக்கு அப்படி ஓர் இடம் கிடைக்காவிட்டால், பருப்புக்கீரையின் தண்டைச் சாண் நீளத்துக்கு ஒடித்து, நல்ல மண் நிரப்பிய தொட்டியில் ஊன்றி வைக்கலாம். கணுக்களில் வேர்விட்டு, சில வாரங்களில் கிள்ளும் பதத்துக்கு வந்துவிடும்.