‘எழுதிவிட்டேன்’ என்று சொல்வது யார்?

திருகோணமலை என்.சி. வீதியில் ஸ்டூடியோ வைத்திருக்கும் அண்ணா ஒருவர், போன வைகாசியில் ஆறு ஹாட் டிஸ்க்குகளைத் துவாயில் சுற்றிக் கொண்டுவந்து என் மேசையில் வைத்தார். ஒவ்வொன்றும் 4 டெராபைட். பதினைந்து வருடக் கல்யாண வீடுகள், சாமத்தியச் சடங்குகள், கோயில் திருவிழாக்கள் எல்லாம் அதற்குள். “தம்பி, இதெல்லாத்தையும் ஒரே பெட்டிக்குள்ள போட்டுத் தாங்க. மதர்போட்டில நாலு சாட்டா வாய்தான் இருக்கு. ஒரு கார்ட் வாங்கிப் போட்டாச் சரிதானே?” என்று கேட்டார்.

சாட்டா வாய் என்பது டிஸ்க்கின் கேபிளைச் செருகும் இடம். கார்ட் போட்டால் ஆறு டிஸ்க்கும் தெரியும், அது சரி. ஆனால் எந்தக் கார்ட் என்பதில்தான் அந்தப் பதினைந்து வருடமும் தங்கியிருக்கிறது. தன் தகப்பனார் ஸ்டூடியோவை நடத்திய காலத்தில், 2004 சுனாமியில் அல்பங்களைப் பறிகொடுத்த குடும்பங்கள் ஒரு பிரதியாவது இருக்குமா என்று வாசலில் வந்து நின்றதை அவர் இன்றைக்கும் சொல்வார். அப்படிப்பட்டவரிடம் ‘ஏதோ ஒரு கார்ட்’ என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

டிஸ்க்குக்குக் கோப்பு என்றால் என்னவென்று தெரியாது. அதற்குத் தெரிந்ததெல்லாம் இலக்கமிட்ட சின்னக் கட்டங்கள்தான். பழைய டிஸ்க்கில் கட்டம் ஒன்றுக்கு 512 பைட், இப்போதைய பெரிய டிஸ்க்குகளில் உள்ளுக்குள் 4096 பைட். ‘இந்தக் கட்டத்தில் இதை எழுது, அந்தக் கட்டத்தைப் படி’ என்பதுதான் அதன் பாஷை. சிபியுவும் நினைவகமும் இருக்கும் பக்கத்தில் பேச்சு பிசிஐ எக்ஸ்பிரஸ் என்ற, மதர்போட்டில் கார்டுகளை இணைக்கும் பாதை வழியாக நடக்கிறது. இந்த இரண்டு பக்கத்துக்கும் நடுவில் நிற்பது கொன்ட்ரோலர். அண்ணா கேட்ட கார்டும் ஒரு கொன்ட்ரோலர்தான். சிபியு ‘இன்ன முகவரியில் சாமான் இருக்கிறது, எடுத்துக்கொள்’ என்று ஒரு குறிப்பை வைத்துவிட்டு வேறு வேலைக்குப் போய்விடும். கொன்ட்ரோலர் தானே நினைவகத்துக்குள் கையை விட்டு எடுத்து, டிஸ்க்குக்கு அனுப்பி, முடிந்ததும் மணியடிக்கும். நினைவகத்துக்குள் நேரே கைவிடும் இந்த உரிமையை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், கீழே இது பெரிய விஷயமாக வரும்.

மணி அடித்துவிட்டால் எழுதியாகிவிட்டதா? அங்கேதான் சிக்கல். டிஸ்க்கே தன்னுள் 64 அல்லது 256 மெகாபைட் தற்காலிக நினைவகம் வைத்திருக்கிறது. அதில் வாங்கிப் போட்டுக்கொண்டு ‘சரி’ என்று சொல்லிவிடும். தட்டில் பதிவது பிறகு. அதனால் எந்தக் கோப்பு எந்தக் கட்டங்களில் என்று கணக்கு வைக்கும் கோப்பு முறைமை முக்கியமான இடங்களில் நிறுத்தி, ‘கையில் வைத்திருப்பதையெல்லாம் தட்டில் பதித்துவிட்டுச் சொல்’ என்று ஒரு கட்டளை கொடுக்கிறது. ஃபிளஷ் என்பது அதுதான். அதற்கு வரும் பதில் உண்மையாக இருந்தால், எந்த நொடியில் கரண்ட் போனாலும் கோப்பு முறைமை தப்பிக்கொள்ளும். அந்தப் பதில் பொய்யாக இருந்தால் எந்தக் கோப்பு முறைமையாலும் தப்ப முடியாது.

2022 பங்குனிக் கடைசியில் நாளுக்கு 13 மணித்தியாலம் வரை மின்வெட்டு இருந்தது நினைவிருக்கும். அப்போது என் வீட்டுப் பெட்டியில் இருந்தது, பல டிஸ்க்குகளைச் சேர்த்து ஒன்றாகக் காட்டும் ஒரு பழைய ரெய்ட் கார்ட். அந்த வகைக் கார்டுகள் தங்கள் மேலேயே நினைவகம் வைத்திருக்கும். தரவு அதற்குள் விழுந்தவுடன், ஃபிளஷ் கேட்டாலும்கூட ‘எழுதிவிட்டேன்’ என்று சொல்லிவிடும். கரண்ட் போனால் அந்த நினைவகத்தைக் காப்பாற்றக் கார்டிலேயே ஒரு சிறு பட்டரி உண்டு. வடிவமைப்பில் பிழையில்லை. ஆனால் பட்டரி சில வருடங்களில் செத்துவிடும். செத்த பிறகும் வேகத்தைக் குறைக்காதே என்று யாரோ முன்பு போட்டுவைத்த அமைப்பு என் கார்டில் இருந்தது, நான் பார்க்கவில்லை. நீண்ட வெட்டு ஒன்றில் யுபிஎஸ் தீர்ந்தது. திரும்பக் கரண்ட் வந்தபோது ஒரு ஃபோல்டர் திறந்தது, உள்ளே பெயர்கள் மட்டும், படம் ஒன்றும் இல்லை. அக்காவின் மகனுக்கு ஏடு தொடக்கிய நாளின் படங்கள் அவை. மாமாமாரின் போன்களில் கிடந்த சிலவற்றைத்தான் மீட்க முடிந்தது.

ரெய்ட் மேல் எனக்குப் பகையில்லை. 1988 இல் பெர்க்லியில் பாட்டர்சன், கிப்சன், காட்ஸ் என்ற மூவர் மலிவான பல டிஸ்க்குகளைச் சேர்த்து ஒரு பெரிய டிஸ்க்கின் நம்பகத்தைப் பெறலாம் என்று எழுதிய கட்டுரையிலிருந்து வளர்ந்தது அது. நீண்ட காலம் அந்த வேலையைக் கார்ட்தான் செய்தது. சன் மைக்ரோசிஸ்டம்ஸ் உருவாக்கிய இசட்எஃப்எஸ் என்ற கோப்பு முறைமை அந்த வேலையைத் தன் கையில் எடுத்துக்கொண்டது. அது ஒவ்வொரு துண்டுக்கும் ஒரு சரிபார்ப்பு எண்ணைக் கணக்கிட்டு, துண்டோடு சேர்த்து வைக்காமல், அதைச் சுட்டும் இடத்தில் வைக்கும். படிக்கும்போது எண் பொருந்தாவிட்டால் மற்ற டிஸ்க்கில் உள்ள பிரதியை எடுத்துக் கொடுத்து, கெட்டதையும் திருத்திவிடும். பழையதன் மேல் எழுதுவதில்லை. புதிய இடத்தில் எழுதி முடித்த பிறகே சுட்டியை மாற்றும்.

இப்போது ஆறு டிஸ்க்கையும் ரெய்ட் கார்ட் ஒன்றாக்கி, ஒரே பெரிய டிஸ்க்காக இசட்எஃப்எஸ்ஸிடம் காட்டினால் என்ன ஆகும்? ‘இந்தத் துண்டு கெட்டுவிட்டது’ என்று கண்டுபிடிக்கும், ஆனால் திருத்த இன்னொரு பிரதி அதன் கண்ணுக்குத் தெரியாது. நோயைச் சொல்லும், மருந்து கொடுக்கக் கை இல்லை. ஆகவே நமக்கு வேண்டியது டிஸ்க்குகளை உள்ளபடியே காட்டி, தன் பங்குக்கு ஒன்றும் செய்யாத கொன்ட்ரோலர். ஹெச்பிஏ என்பது இதைத்தான். அறிவு குறைந்த கார்டுதான் இந்த இடத்துக்கு நல்ல கார்ட்.

அண்ணாவுக்கு இன்னொரு ஆசையும் இருந்தது. அதே பெட்டியில் கமராப் பதிவும் ஓட வேண்டும், எடிட்டிங்குக்கு ஒரு விண்டோஸும் வேண்டும். அதாவது ப்ரொக்ஸ்மொக்ஸ் போன்ற ஒன்றைப் போட்டு, ஒரே கணினிக்குள் பல வேர்ச்சுவல் மெஷின்கள், அதாவது தனிக் கணினிபோல் நடக்கும் மென்பொருள் கணினிகள். இசட்எஃப்எஸ்ஸை நடத்தும் ஃபைல் சேர்வரும் அவற்றில் ஒன்று. அப்படியானால் டிஸ்க்குக்கும் இசட்எஃப்எஸ்ஸுக்கும் நடுவில் இன்னொருவர் வந்து நிற்கிறார்.

டிஸ்க்குகளை ஒவ்வொன்றாகப் பெயர் சொல்லி உள்ளே விடலாம். பலர் செய்கிறார்கள், ஓடவும் செய்கிறது. ஆனால் உள்ளே இருக்கும் சேர்வருக்கு டிஸ்க்கின் உண்மையான முகம் தெரியாது. டிஸ்க் தன் உடம்பு நிலையைச் சொல்லும் ஸ்மார்ட் விவரங்கள், வெப்பநிலை, பழுதாகத் தொடங்கும்போது வரும் முனகல் எல்லாம் வெளியிலேயே நின்றுவிடும். அதைவிடப் பெரிய ஆபத்து, வெளியே இருக்கும் இயங்குதளத்தாலும் அதே டிஸ்க்குகளைத் திறக்க முடியும் என்பது. பூல் என்பது இசட்எஃப்எஸ் ஒன்றாக்கிய டிஸ்க்குத் தொகுப்பு. இரண்டு பேர் ஒரே நேரத்தில் ஒரே பூலில் எழுதினால் அந்தப் பூல் அதோடு முடிந்தது.

முழுக் கொன்ட்ரோலரையே தூக்கி அந்த மெஷினிடம் கொடுத்துவிடுவதுதான் சரியான வழி. இதைச் சாத்தியமாக்குவது ஐஓஎம்எம்யு என்ற வன்பொருள் பகுதி. ஒவ்வொரு வேர்ச்சுவல் மெஷினும் தன் நினைவகம் 0 இலிருந்து தொடங்குவதாக நம்புகிறது. ஃபைல் சேர்வர் கொன்ட்ரோலரிடம் ‘1 ஜிகாபைட் முகவரியில் இருக்கிறது, எடு’ என்று சொல்கிறது. உண்மையில் அது கணினியின் 9 ஜிகாபைட் முகவரியில் இருக்கலாம். கொன்ட்ரோலருக்கு இது தெரியாது. முன்பு சொன்ன உரிமையோடு நேரே 1 ஜிகாபைட்டில் கைவிட்டால், அங்கே இருப்பது விண்டோஸின் நினைவகமாக இருக்கும். ஐஓஎம்எம்யு அந்தக் கையைப் பிடித்து, ஒவ்வொரு முகவரியையும் மாற்றிச் சரியான இடத்துக்குக் கொண்டுபோகும், அனுமதியில்லாத இடமென்றால் தடுத்துவிடும். இன்டெல் இதற்கு விடி-டி என்றும் ஏஎம்டி ஏஎம்டி-விஐ என்றும் பெயர் வைத்திருக்கின்றன. பயோஸில் தேடித் திறந்துவிட வேண்டும். கொன்ட்ரோலர் எப்போது எங்கே கைவிடும் என்று முன்கூட்டிச் சொல்ல முடியாததால், அந்த மெஷினுக்குக் கொடுத்த நினைவகம் முழுவதும் தொடக்கத்திலேயே ஒதுக்கிப் பூட்டப்படும். 16 ஜிகாபைட் கொடுத்தால் 16 உம் போனதுதான்.

மதர்போட் வாங்கும்போது ஒன்றைப் பாருங்கள். ஐஓஎம்எம்யு சாதனங்களைக் குழுக்களாகப் பிரிக்கிறது, ஒரு குழுவை முழுதாகத்தான் கொடுக்க முடியும். சிபியுவோடு நேரே இணையும் ஸ்லொட் பெரும்பாலும் தனிக் குழுவில் இருக்கும். மலிவான போட்களில் சிப்செட்டிலிருந்து வரும் ஸ்லொட்டுகள் லான், யுஎஸ்பியோடு ஒரே குழுவில் கிடக்கலாம். அதைப் பலவந்தமாகப் பிரித்ததாகக் காட்டும் ஒரு கேர்னல் திருத்தமும் உண்டு. அது இல்லாத தடுப்பை இருப்பதாகச் சொல்கிறது, நான் அதைத் தொடமாட்டேன்.

மதர்போட்டிலேயே உள்ள சாட்டா கொன்ட்ரோலரைக் கொடுத்தால் என்ன? நாலு டிஸ்க் போதுமென்றால் தாராளமாகக் கொடுக்கலாம், காசும் மிச்சம். ஆனால் ப்ரொக்ஸ்மொக்ஸ் எழும்பும் டிஸ்க்கும் அதே கொன்ட்ரோலரில் இருந்தால், அதுவும் சேர்ந்து போய்விடும். தொடக்க டிஸ்க்கை என்விஎம்இயில், அதாவது பிசிஐ எக்ஸ்பிரஸோடு நேரே இணையும் எஸ்எஸ்டியில், வைத்தால் இந்தப் பிரச்சினை தீரும், அது தனிச் சாதனம்.

அண்ணாவுக்கு ஆறு வேண்டும், நாளை எட்டாகும். கடைகளில் பத்துச் சாட்டா வாய் வைத்த மலிவுக் கார்டுகள் கண்ணைப் பறிக்கும். ஆனால் ஜேஎம்பி585 சிப்புக்குச் சொந்தமாக ஐந்து வாய்தான், ஏஎஸ்எம்1166க்கு ஆறு. அதற்குமேல் இருந்தால் உள்ளே போர்ட் மல்டிபிளையர் என்ற பிரிப்பான் இருக்கிறதா என்று சந்தேகப்படுங்கள். கார்டைத் திருப்பிப் பார்த்தால் சின்னச் சிப்புகள் வரிசையாக இருக்கும். கிண்ணியாவுக்குப் பாலம் 2009 இல்தான் வந்தது. அதற்கு முன் துறையடியில் வாகனங்கள் நிரையாக நிற்க, பாதை எனும் மிதவைப் படகு ஒன்று சிலவற்றை மட்டும் ஏற்றிக்கொண்டு போய்த் திரும்பும். எளிய மல்டிபிளையர் அந்தப் பாதைதான். ஐந்து டிஸ்க் காத்திருக்க, ஒரு நேரத்தில் ஒன்றோடு மட்டும் பேசும். பாதை பழுதானால் துறையே நின்றுபோகும். இங்கும் ஒரு டிஸ்க் தடுமாறினால் இணைப்பு முழுவதையும் புதுப்பிக்க வேண்டி, ஐந்தும் ஒன்றாகக் காணாமல் போகலாம். அதை எந்த ரெய்டும் தாங்காது.

ஆறோடு நிற்பதென்றால் ஏஎஸ்எம்1166 கார்ட் நல்லது, கரண்டும் குறைவு. வளர்வதென்றால் நான் எல்எஸ்ஐ என்ற நிறுவனத்தின் சிப் உள்ள, சேர்வர்களிலிருந்து கழற்றி விற்கப்படும் கார்டுகளைத்தான் சொல்வேன். 9211-8ஐ கார்டில் சாஸ்2008 சிப், 9207-8ஐ கார்டில் சாஸ்2308. ஐபிஎம் எம்1015, டெல் ஹெச்310 என்ற பெயர்களில் வருவதும் அதே சாஸ்2008 தான். எல்எஸ்ஐயை 2014 இல் அவாகோ வாங்கியது, அவாகோ 2016 இல் பிராட்காமை வாங்கி அந்தப் பெயரையே வைத்துக்கொண்டது. அதனால் ஒரே சாமான் பல பெயரில் கிடைப்பதைக் கண்டு பயப்பட வேண்டாம். சாஸ் என்பது சேர்வர் டிஸ்க்குகளின் இணைப்பு முறை. சாஸ் கார்டில் சாட்டா டிஸ்க் ஓடும், சாட்டா வாயில் சாஸ் டிஸ்க் ஓடாது. கார்ட் ரெய்ட் ஃபேம்வெயரோடு, அதாவது ரெய்ட் வேலைக்கான உள்மென்பொருளோடு, வந்தால் அதை அழித்து ஐடி மோட் எனும் ஃபேம்வெயரை ஏற்ற வேண்டும். அதோடு கார்ட் தன் கெட்டித்தனத்தை விட்டுவிட்டு வெறும் ஹெச்பிஏ ஆகிவிடும். சாஸ்2008க்கு 20.00.07.00 பதிப்பு. லினக்ஸில் டிரைவர் ஏற்கெனவே இருக்கிறது.

வேகத்துக்காக 12 ஜிகாபிட் கார்டுக்குக் காசு கொட்ட வேண்டாம். சாஸ்2008 பிசிஐ எக்ஸ்பிரஸ் 2.0 இல் எட்டு லேன் (தடம்), லேனுக்கு விநாடிக்கு 500 மெகாபைட், மொத்தம் 4000. எட்டு டிஸ்க் தலா 200 கொடுத்தாலும் 1600 தான். வீட்டு ஜிகாபிட் கேபிள் கொண்டுபோவதோ ஏறக்குறைய 118.

சூட்டைப் பற்றி ஒருவரும் அதிகம் பேசுவதில்லை, திருமலைக்கு அதுதான் முதற் கேள்வி. இந்தக் கார்டுகள் சேர்வர் பெட்டிக்குள் வீசும் பலத்த காற்றை நம்பிச் செய்யப்பட்டவை. வீட்டுப் பெட்டியில் அந்தக் காற்று இல்லை. ஏறத்தாழ 10 வொட் வெப்பம் தீப்பெட்டியளவு சிப் ஒன்றிலிருந்து வெளியேற வேண்டும். கச்சான் காற்று அடிக்கும் வைகாசி, ஆனியில் மத்தியானம் உவர்மலையில் என் அறையே 35 பாகையைத் தொடும். காற்றாடி இல்லாமல் அரை மணித்தியாலம் ஓட்டிவிட்டு அதன் வெப்பவாங்கியில் விரலை வைத்தேன், ஒரு மூச்சு நேரம்கூட வைத்திருக்க முடியவில்லை. சூடேறிய கார்ட் உடனே சாகாது. இடைக்கிடை பிழை விடும், டிஸ்க் ஒன்று காணாமல் போய்த் திரும்ப வரும், நாம் டிஸ்க்கைக் குற்றம் சொல்லி மாற்றுவோம். 40 மில்லிமீட்டர் காற்றாடி ஒன்றை வெப்பவாங்கியின் செதில்களுக்கிடையில் இரண்டு திருகாணியால் இறுக்கினேன். பிறகு விரல் தாராளமாக நின்றது.

கேபிளில் ஒரு நாள் போனது. கார்டில் உள்ள எஸ்எஃப்எஃப்-8087 வாயிலிருந்து நாலு சாட்டா நுனி பிரியும் கேபிள் வேண்டும். கார்டிலிருந்து டிஸ்க்குக்குப் போவது ஒரு வகை, மதர்போட்டின் நாலு சாட்டாவிலிருந்து டிஸ்க் கூட்டுக்குப் போவது மறுவகை. பார்வைக்கு இரண்டும் ஒன்றுதான். பிழையானதைப் போட்டால் எதுவும் எரியாது, எதுவும் தெரியவும் மாட்டாது. எனக்கு வந்தது மறுவகை.

சரியான கேபிள் வந்த அன்று, உள்ளே இருந்தவற்றை வேறிடத்தில் பிரதி எடுத்துவைத்துவிட்டு, ஆறு டிஸ்க்கையும் இசட்எஃப்எஸ்ஸில் இரண்டு போனாலும் தாங்கும்படி அடுக்கினேன். ஒவ்வொரு டிஸ்க்கின் தொடர் இலக்கத்தையும் ஒட்டுத் தாளில் எழுதி முன்பக்கம் ஒட்டினேன். அண்ணாவை வரச்சொல்லி, ஒரு கல்யாண வீடியோவின் பிரதியை ஏற்றிக்கொண்டிருக்கும்போதே சுவர்ச் சுவிட்சை அவரையே நிறுத்தச் சொன்னேன். கை தயங்கியது. மூன்று தரம் செய்தோம். பிறகு பூல் முழுவதையும் படித்துச் சரிபார்க்கும் ஸ்க்ரப்பை ஓடவிட்டுவிட்டுச் சாப்பிடப் போனோம். விடிய வந்து பார்த்தபோது திரையில் ஆறு டிஸ்க்குக்கும் நேரே படித்ததில், எழுதியதில், சரிபார்த்ததில் பிழை 0, 0, 0 என்று இருந்தது. அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஆறு வரியையும் விரலால் தொட்டு எண்ணிப் பார்த்தார்.