லெட்டர்ஸ் கொடுத்து வார்த்தை கண்டுபிடின்னா உங்க பிள்ளை ஏன் முழிக்குது?

ஸ்கூல் திறந்து ஒர்க்‌ஷீட் வர ஆரம்பிச்சாலே எங்ககிட்ட வர்ற அம்மா அப்பாங்க கேக்குற கேள்வி இதுதான். நாலஞ்சு இங்கிலீஷ் லெட்டர் கொடுத்து இதுல என்னென்ன வார்த்தை வரும்னு கண்டுபிடிக்கச் சொன்னா பையன் பேந்தப் பேந்த முழிக்கிறான் மேம், இவனுக்கு மூளை கம்மியா, இல்ல சோம்பேறித்தனமா? பிள்ளை பக்கத்துல உக்காந்திருக்கும்போதே கேப்பாங்க, தயவுசெஞ்சு அப்படிக் கேக்காதீங்க. நான் சென்னை கே.கே. நகர் பக்கம், படிக்கச் சிரமப்படுற பிள்ளைங்களுக்குச் சொல்லிக் கொடுக்குற ஸ்பெஷல் எஜுகேட்டரா வேலை பாக்குறேன், நான் பாத்த வரைக்கும் பெரும்பாலும் ரெண்டுமே காரணம் இல்ல.

தமிழ்ல க-ங்கிற எழுத்தோட பேரும் க, சத்தமும் க. இங்கிலீஷ்ல அப்படி இல்லையே. சீ, ஏ, டீன்னு சேத்து சொல்லிப் பாருங்க, பூனை எங்கிருந்து வரும்? எச்-னு சொல்றோம், அந்தப் பேர்ல ஹ சத்தமே கிடையாது, டபிள்யூவும் அப்படித்தான். லெட்டர் 26, ஆனா சத்தம் கிட்டத்தட்ட 44. லெட்டரோட பேரை மட்டும் மனப்பாடம் பண்ணின குழந்தைக்கு ஜம்பிள்டு வேர்ட்ஸ்ங்கிறது வெறும் கோடுகளை மாத்தி மாத்தி வைக்கிற வேலை. எஸ், டீ, ஓ, பி இந்த நாலையும் 24 விதமா அடுக்கலாம், அதுல நாம சாதாரணமா பாக்குற வார்த்தை ஸ்டாப், ஸ்பாட், போஸ்ட், பாட்ஸ், டாப்ஸ், ஆப்ட்ஸ்னு ஆறுதான் தேறும். ஏழு வேற வேற லெட்டர்னா 5,040 விதம். குருட்டாம்போக்குல அடுக்கி யாராலயும் கண்டுபிடிக்க முடியாது, சத்தம் தெரிஞ்சாதான் எது எதோட ஒட்டும்னு பிள்ளைக்குப் புரியும்.

இன்னொண்ணு, இதை நான் ரொம்ப அழுத்திச் சொல்லணும். வீட்ல தமிழ் பேசுற பிள்ளை பண்ற சில தப்பைப் பாத்துட்டு டிஸ்லெக்சியா, அதாவது வாசிக்க எழுத சிரமப்படுற கற்றல் குறைபாடோன்னு பயப்படுறாங்க. தமிழ்ல ஒரே ப தான், பட்டுன்னாலும் ப, அம்பு-ல வர்ற சத்தத்துக்கும் அதே ப, அதனால பென்னுக்கும் பஸ்ஸுக்கும் எந்த பி போடணும்னு குழம்புறது சகஜம். ஸ்கூலை இஸ்கூல்னு சொல்ற பிள்ளை முன்னாடி ஒரு ஐ சேத்து எழுதும், கப்பு, பெட்டுன்னு வீட்ல கேட்டு வளர்ந்த பிள்ளை கடைசில ஒரு யூ போடும். இது காது பழகினது எழுத்துல வர்றது, சொல்லிக் கொடுத்தா போயிடும். சின்ன b-யையும் d-யையும் திருப்பித் திருப்பி எழுதுறதும் ஆறு ஏழு வயசு வரைக்கும் நிறைய பிள்ளைங்க பண்றதுதான்.

அப்போ எப்ப கவனிக்கணும்னா, சத்தத்தை நல்லா சொல்லிக் கொடுத்தும் ஒட்டல, ஒரே வார்த்தையை ஒரே பக்கத்துல மூணு விதமா எழுதுது, ரைம் ஆகுற வார்த்தை சொல்லத் தெரியல, தமிழ் வாசிக்கவும் அதே அளவு திணறுது, வீட்ல வேற யாருக்காவது இப்படி இருந்திருக்கு, இதெல்லாம் சேந்து வந்தா தள்ளிப் போடாதீங்க. முதல்ல கண்ணு, காது ரெண்டையும் டெஸ்ட் பண்ணுங்க. முறையான அசெஸ்மென்ட் பொதுவா 8 வயசு, மூணாவது படிக்கிறப்ப பண்ணுவாங்க, ஆனா உதவியை அதுக்கு முன்னாடியே ஆரம்பிக்கலாம், சர்டிபிகேட்டுக்காக காத்திருக்க வேண்டாம். நம்ம ஊர்லயே மெட்ராஸ் டிஸ்லெக்சியா அசோசியேஷன் பல வருஷமா இதுக்காகவே வேலை செய்யுது. கற்றல் குறைபாட்டை 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்துலயே சேத்திருக்காங்க, எக்ஸாம்ல கூடுதல் நேரம் மாதிரி சலுகையும் இருக்கு. இதுக்கும் புத்திசாலித்தனத்துக்கும் சம்பந்தமே இல்ல.

இப்ப நிறைய வீட்ல நடக்குறது என்னன்னா, லெட்டரை போன்ல தட்டினா வார்த்தையெல்லாம் வர்ற ஆப் இருக்கு, அம்மா அதைப் பாத்து சொல்ல பிள்ளை எழுதிடுது. அந்த ஆப் யோசிக்கல, அகராதில இருக்குற ஒவ்வொரு வார்த்தையோட லெட்டரையும் நம்ம லெட்டரோட ஒப்பிட்டுப் பாத்து ஒத்துப் போறதை எடுத்துப் போடுது, அவ்வளவுதான். ஸ்க்ராபிள்ங்கிற வார்த்தை விளையாட்டு ஆடுறவங்க லிஸ்ட்டுல ரெண்டு ஏ மட்டும் சேந்தாலே ஒரு வார்த்தை, எரிமலைக் குழம்புல ஒரு வகையாம். ரெண்டாம் கிளாஸ் பிள்ளைக்கு அது எதுக்கு? டீச்சரும் நோட்டைப் பாத்துட்டு இவனுக்கு எல்லாம் தெரியும்னு அடுத்த பாடத்துக்குப் போயிடுவாங்க, நஷ்டம் பிள்ளைக்குத்தான்.

ஆரம்பத்துல மூணு லெட்டர் போதும். ஏ, டீ ரெண்டையும் நிலையா வெச்சுட்டு முன்னாடி மட்டும் மாத்துங்க: கேட், பேட், மேட், ரேட், ஹேட். பேரைச் சொல்லாம சத்தத்தைச் சொல்லிக்கிட்டே லெட்டர் எழுதின அட்டையை நகத்தச் சொல்லுங்க, வாயால சொன்னதுக்கு அப்புறம்தான் பென்சில். அது பழகினதும் நடுவுல இருக்குற உயிரெழுத்தை மாத்துங்க. அதுக்கும் அப்புறம்தான் ஈ, ஏ, டீ கொடுத்து ஈட், டீ, ஏட் மூணையும் தேடச் சொல்லலாம்.

இதைப் பழக்க நான் பெற்றோருக்குச் சொல்ற இடம் தாம்பரம் பீச் எலெக்ட்ரிக் டிரெயின். ஸ்டேஷன் போர்டுல இங்கிலீஷ் எழுத்தைப் பாருங்க, சைதாப்பேட்டைக்குள்ள வரிசையாவே செட் (said), ஏ (a), பெட் (pet)னு மூணு வார்த்தை இருக்கு. எக்மோர்ல மோர், பார்க்ல ஆர்க், பீச்சுக்குள்ள ஈச். மாம்பலத்துல லெட்டரை மாத்தி அடுக்கினா ஆட்டுக்குட்டி கிடைக்கும், லேம்னு சொல்றோம் ஆனா கடைசில ஒரு பி சும்மா நிக்குது, அதைக் காட்டினா பிள்ளைங்க கண்ணு விரியும். சென்ட்ரல்ங்கிற ஏழு லெட்டர்ல லேர்ன், க்ளீன், லேட்டர், ட்ரேஸ்னு எடுக்க எடுக்க வரும், ஆனா அது பெரிய பிள்ளைங்களுக்கு. மூணு நாலு ஸ்டேஷன் போதும், கொட்டாவி விட்டா நிறுத்திடுங்க.

ஒர்க்‌ஷீட் பாதி காலியா இருந்தா அப்படியே கொடுத்து அனுப்புங்க. ஓரமா பென்சில்ல, இவனா யோசிச்சு எழுதினது இவ்வளவுதான்னு ஒரு வரி எழுதி விடுங்க, எங்க ஆரம்பிக்கணும்னு டீச்சருக்குத் தெரியும்.