கவுன்சலிங் போய்ப் பார்த்தாச்சு டாக்டர்

இந்த வருடம் இப்படிச் சொல்லிக்கொண்டு வந்தவர்களை எண்ணுவதையே விட்டுவிட்டேன். போன வாரம் வந்தவன் பாலிடெக்னிக் இரண்டாம் வருடம் படிக்கிற பையன் (அடையாளம் தெரியாதபடி சில விவரங்களை மாற்றியிருக்கிறேன்). ஃபேன் ரெகுலேட்டருக்குள் இருந்து இரண்டு பேர் தன்னைப் பற்றிப் பேசிக்கொள்கிறார்கள் என்று வீட்டு சுவிட்ச் போர்டு முழுக்க டேப் ஒட்டி வைத்திருக்கிறான். என் அறையிலும் ரெகுலேட்டரை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. ஃபேனை நிறுத்திய பிறகுதான் நாற்காலியில் உட்கார்ந்தான்.

அவன் அம்மா மஞ்சப்பையிலிருந்து ஃபைலை எடுத்தார். 8 மாதத்தில் 14 சிட்டிங். ரசீதில் 'மைண்ட் தெரபிஸ்ட்' என்று ஒரு பெயர், பெயருக்குப் பின்னால் ஒரு வரிக்குப் பட்டங்கள். இருபது வருடமாக மனநல மருத்துவராக இருக்கிறேன், அதில் ஒன்றுகூட எனக்கு விளங்கவில்லை.

"மாத்திரை போட்டா அடிமையாயிடுவான், பேசியே சரி பண்ணிடலாம்னு சொன்னாரு டாக்டர்."

காதில் குரல் கேட்கிறவனிடம் எட்டு மாதம் பேசியிருக்கிறார்கள். இந்த மாதிரி நோயில் மருந்து தொடங்கத் தாமதமாகிற அளவுக்குத் தேறுவதும் தாமதமாகும்.

ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். மனநல மருத்துவத்துக்குக் கௌரவமாக வைத்த பெயர் இல்லை கவுன்சலிங். "கவுன்சலிங் போறான்" என்றால் சொந்தக்காரர்கள் முகம் சுளிப்பதில்லை, "மனநல டாக்டர்கிட்ட போறான்" என்றால் பெண் கொடுக்க மாட்டார்கள். அதனால் நோயைப் பார்க்காமல், எந்த போர்டுக்குக் கீழே நின்றால் வெட்கம் குறைவு என்று பார்த்துப் போகிறோம். தேர்வு பயம், கணவன் மனைவி சண்டை, இழவு வீட்டுத் துக்கம், இதற்கெல்லாம் நல்ல கவுன்சலர் பெரிய துணை. எனக்குத் தெரிந்த நல்ல கவுன்சலர்கள், குரல் கேட்கிறது என்ற வார்த்தை வந்த அன்றே கையோடு எங்களிடம் அனுப்பிவிடுவார்கள். பிடித்து வைத்துக்கொள்கிறவரிடம்தான் உஷாராக இருக்க வேண்டும்.

மனநல மருத்துவர், அதாவது சைக்கியாட்ரிஸ்ட், எம்.பி.பி.எஸ். முடித்து மனநலத்தில் எம்.டி.யோ டிப்ளமோவோ படித்தவர். மருந்து எழுதுவார், தைராய்டு கோளாறா என்று ரத்தமும் பார்ப்பார். (மனச்சோர்வு என்று வருகிறவர்களில் சிலருக்குத் தைராய்டுதான் காரணம்.) கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட் டாக்டர் இல்லை, மருந்து எழுதக் கூடாது. ஆனால் உளவியல் பரிசோதனைகளிலும் பேச்சு சிகிச்சையிலும் முறையான பயிற்சி பெற்றவர். பெரும்பாலோர் எம்.ஃபில். முடித்து இந்திய மறுவாழ்வு கவுன்சிலில் பதிவு செய்தவர்கள். எங்கள் நோயாளிகளில் பலருக்கு இரண்டு பேருமே வேண்டும். வேலை, குடும்பம், உதவித்தொகை என்று அலைந்து உதவுகிறவர் மனநல சமூகப் பணியாளர். அவர் இல்லாவிட்டால் எங்கள் பிரிவு ஒரு நாள்கூட ஓடாது.

அப்புறம் 'நரம்பு டாக்டர்'. "நரம்புத் தளர்ச்சி" என்று போய் நிற்கிறீர்கள். வலிப்பு, பக்கவாதம் பார்க்கிறவர் அவர். பதற்றத்துக்கு அவரிடம் போய், ஸ்கேனுக்குக் காசைக் கொட்டிவிட்டுக் கடைசியில் எங்கள் வாசலுக்குத்தான் வருகிறீர்கள்.

சிகிச்சை தருகிறவரிடம் பதிவு எண் என்ன என்று கேளுங்கள். கேட்டதும் கோபப்பட்டால் எழுந்து வந்துவிடுங்கள். தன் துறைக்கு மீறிய மருந்தையோ சிகிச்சையையோ யாரும் சொல்லக் கூடாது என்று 2017 மனநலப் பராமரிப்புச் சட்டத்திலேயே இருக்கிறது. ஓடிக்கொண்டிருக்கிற மாத்திரையை, எழுதிய டாக்டரைக் கேட்காமல் யார் சொன்னாலும் நிறுத்தாதீர்கள். தூக்கமே இல்லை, சந்தேகம், குரல், சாகணும் என்ற பேச்சு, இதில் எது இருந்தாலும் தயவுசெய்து நேரே மனநல மருத்துவரிடம் வாருங்கள். மாவட்ட அரசு மருத்துவமனையில் மருந்து இலவசம். ராத்திரியில் யாரைக் கேட்பது என்று தெரியாவிட்டால் அரசின் மனநல உதவி எண் 14416க்குப் போன் செய்யுங்கள், தமிழில் பேசலாம்.

அந்தப் பையனுக்கு மருந்து தொடங்கியாயிற்று. சீட்டை வாங்கிய அம்மா கதவு வரை போய்த் திரும்பி வந்தார்.

"டாக்டர், இதுல 'மனநலப் பிரிவு'ன்னு சீல் இருக்கே, அது இல்லாம வேற சீட்டு கிடைக்குமா?"