மூட்டில்லாக் குழாயைத் 'தடையற்ற' குழாய் விழுங்கிய கதை

"அண்ணே, தடையற்ற குழாய்னா உள்ள அடைப்பே வராத பைப்பா?"

பட்டறையில் சேர்ந்து ஆறு மாதமான தம்பி ஒரு விலைப்பட்டியலை நீட்டிக் கேட்டான். ஒரு பக்கம் 'பற்றவைக்கப்பட்ட எஃகு குழாய்', மறுபக்கம் 'தடையற்ற எஃகு குழாய்'. 'சீம்லெஸ்' என்பதற்குத் 'தடையற்ற' என்று போடுவதை எத்தனையோ முறை பார்த்துவிட்டுப் பேசாமல் இருந்திருக்கிறேன். தொழில் கற்கிற பையனையே குழப்பிவிட்ட பிறகு பேசாமல் இருக்க முடியவில்லை.

துண்டாகக் கிடந்த ஒன்றரை இஞ்ச் இ.ஆர்.டபிள்யூ. (மின்தடைச் சூட்டில் வெல்டிங் செய்த) பைப்பை எடுத்து உள்ளே விரலை விடச் சொன்னேன். நீளவாக்கில் ஒரு மேடு நெருடியது. வெளிப்பக்கம் சீவிவிடுவார்கள், உள்ளே பெரும்பாலும் அப்படியே நிற்கும். தகட்டுச் சுருளைப் பிரித்து, உருளைகளுக்கு நடுவே ஓட்டி வட்டமாக்கி, இரு விளிம்பையும் மின்சாரத்தால் சூடேற்றி நெருக்கி ஒன்றாக்குவதால் வரும் மேடு அது. வெல்டிங் ராடு எதுவும் சேர்ப்பதில்லை. பெரிய குடிநீர்க் குழாய்களுக்குத் தகட்டைச் சுருள்வாக்கில் சுற்றி மூட்டுவதும் உண்டு. சீம்லெஸ் வேறு வகை. பழுக்கக் காய்ச்சிய திண்ம உருளையின் நடுவே துளைத்துச் செய்வது. ஜெர்மனியின் மன்னஸ்மான் சகோதரர்கள் 1885இல் கண்ட வழி. அதில் அந்த மேடு கிடையாது. விளிம்புகள் சேரும் கோடுதான் 'சீம்', அது இல்லாதது 'சீம்லெஸ்'. சொல்லுக்குப் பொருளும் அவ்வளவுதான்.

'வெல்ட்' என்ற ஆங்கிலச் சொல் கொதித்துப் பொங்குவதைக் குறித்த பழைய வினையிலிருந்து வந்தது. 'பைப்' லத்தீனில் கீச்சிடுவதிலிருந்து வந்து, முதலில் ஊதும் குழலைக் குறித்தது. நம் குழலும் ஊதுவதுதான், குழாய்க்கு உறவுதான்.

இப்போது 'தடையற்ற'வுக்கு வருவோம். தடையற்ற மின்சாரம் என்றால் இடையில் நிற்காத மின்சாரம். அதைக் குழாயில் ஒட்டினால் தண்ணீர் நிற்காமல் ஓடும் குழாய் என்றுதான் யாரும் எண்ணுவார்கள். அகராதியில் முதலில் கண்ட பொருளை எடுத்து வைத்துவிட்டு, குழாயை ஒரு முறையும் கையில் தொடாதவர் செய்த வேலை இது. இயந்திரம் மொழிபெயர்த்தது என்பார்கள். அதைப் படித்துப் பார்க்காமல் அச்சுக்கு அனுப்பியது மனிதர்தானே? 'இணைப்பில்லாக் குழாய்' இன்னும் மோசம். நம் ஊரில் குழாய் இணைப்பு என்றால் நகராட்சி தருவது. 'தையலற்ற குழாய்' பரவாயில்லை, ஆனால் ஓரம் மடித்து அடிப்பதும் தையல்தான், பொத்தான் வைப்பதும் தையல்தான். 'பற்றவைத்த குழாய்' என்பதிலும் எனக்கு மனக்குறை உண்டு. வெல்டிங் வேலைக்குப் பற்றவைப்பு நல்ல சொல், அதை மாற்றச் சொல்லவில்லை. ஆனால் 'பற்றவைத்த குழாய்' என்றதும் இரண்டு குழாயை முனையோடு முனை சேர்த்ததுதான் கண்ணில் வருகிறது. குழாயே அப்படிப் பிறந்தது என்பது வருவதில்லை.

நம் வீட்டிலேயே சொல் இருக்கிறது. கைலி வாங்கியதும் "மூட்டிக் கொடுங்க" என்கிறோம். தட்டையான துணியின் இரண்டு ஓரத்தையும் சேர்த்து வட்டமாக்குவது மூட்டுவது. தகட்டுக்கு ஆலையில் நடப்பதும் அதேதான். தீ மூட்டுவதும் அதே சொல்தான், சூடும் சேர்ப்பும் ஒன்றாக வந்துவிடுகின்றன. ஆகவே மூட்டுக் குழாய், மூட்டில்லாக் குழாய். 'மூட்டாத' என்று மட்டும் வேண்டாம். மூட்டாத கைலி விரிந்துதான் கிடக்கும்.

பெயர் தெளிவாக இருந்தால் கைவேலையும் சரியாக நடக்கும். கைப்பிடிக்குப் பைப் வளைக்கும்போது மூட்டு பக்கவாட்டில் இருக்கும்படி வைக்க வேண்டும், வெளிவளைவில் வைத்தால் அந்த இடம் பிளக்க வாய்ப்பு அதிகம். ஆலைக் குழாய்களுக்கான பி31.3 அமெரிக்க விதி, பலத்தைக் கணக்கிடும்போது மூட்டின் தரத்துக்கான எண்ணை மூட்டில்லாததற்கு 1, இ.ஆர்.டபிள்யூ.வுக்கு 0.85 என்றே வைக்கிறது. கேட், சாரம், கொட்டகைக் கால் ஆகியவற்றுக்கு மூட்டுக் குழாயே தாராளம். ஐ.எஸ். 1239 என்ற இந்தியத் தர விதிப்படி வரும் பைப்பில், சுவர்த் தடிப்பைக் காட்ட மஞ்சள் பட்டை லேசு, நீலம் நடுத்தரம், சிவப்பு கனம் என்று பையன் ஏற்கனவே அறிவான். மூட்டு இருக்கிறதா இல்லையா என்பதைச் சொல்லத்தான் பட்டியலில் வார்த்தை இல்லை.

இரண்டு பெயரையும் பேனாவால் அடித்து, மேலே 'மூட்டு', 'மூட்டில்லா' என்று எழுதி அவனிடமே திருப்பிக் கொடுத்தேன்.