தனியே விட்டால் தவிக்கும் நாய்

"வேண்டுமென்றேதான் செய்கிறது, டாக்டர். விட்டுவிட்டுப் போன கோபத்தில் சோபாவைக் கிழித்து வைக்கிறது." சென்னையில் கிளினிக் நடத்தும் கால்நடை மருத்துவர்களுக்கு இது பழகிப்போன புகார். கணவன், மனைவி இருவரும் வேலைக்குப் போகும் அடுக்குமாடி வீடு, பகல் முழுக்கத் தனியே கிடக்கும் லாப்ரடார், ஊளை தாங்காமல் அசோசியேஷனுக்கு எழுதிப்போடும் பக்கத்து வீட்டுக்காரர். மூன்றும் சேர்ந்தேதான் வரும்.

மாத்திரை எழுதும் முன் நான் வீடியோ கேட்பேன். பழைய செல்போனை அலமாரியில் சாய்த்து, பதிவை ஓடவிட்டு, வழக்கம்போலக் கிளம்புங்கள். பிரிவுப் பதற்றம், அதாவது வீட்டார் பிரிந்து போனதும் நாய்க்கு வரும் தவிப்பு என்றால், பெரும்பாலும் முதல் அரைமணி நேரத்திலேயே தெரிந்துவிடும். அண்மையில் வந்த ஒரு பதிவில், கதவு சாத்தியதுமே நாய் கதவிடுக்கில் மூக்கை வைத்து முகர்ந்தது. ஒரு கொட்டாவி, உடனே இன்னொன்று. தூக்கம் வந்ததால் அல்ல, படபடப்பில் விடுகிற கொட்டாவி. பிறகு கதவின் அடியைப் பிறாண்டத் தொடங்கியது; தரையெல்லாம் எச்சில். பிடித்த பிஸ்கட் பக்கத்திலேயே கிடந்தும் தொடவில்லை. அதுவரை பொரிந்துகொண்டிருந்த வீட்டுக்காரர் அதன்பின் பேசவில்லை.

பொழுதுபோகாமல் செருப்பைக் கடிக்கும் நாய் இப்படி இருக்காது. தின்று, தூங்கி எழுந்து, சாவகாசமாகக் கடிக்கும். அதற்கு நடையும் விளையாட்டும் போதும். வீட்டுக்குள் சிறுநீர் கழிப்பது மட்டும்தான் தொல்லை என்றால் முதலில் சிறுநீர்ப் பரிசோதனை.

"திட்டினால் தலையைத் தொங்கப்போடுகிறதே, செய்த தப்பு தெரிந்துதானே?" என்பார்கள். அமெரிக்க ஆய்வாளர் அலெக்ஸாண்ட்ரா ஹோரோவிட்ஸ் 2009இல் வெளியிட்ட ஆய்வில் இதைத்தான் சோதித்தார். தொடக்கூடாது என்று சொல்லிவைத்த தின்பண்டத்தைத் தொடாத நாயும், திட்டு விழுந்ததும் அதே முகத்தைக் காட்டியது. மாலையில் வந்து அடித்தால், நீங்கள் போகும்போது மட்டும் பயந்த நாய், இனி நீங்கள் வரும்போதும் பயப்படும்.

நாயைத் தனிமைக்குப் பழக்கும் பயிற்சி அலுப்பானதுதான், முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். ஹெல்மெட்டை எடுங்கள், வைத்துவிட்டு உட்காருங்கள். சாவியைக் குலுக்கிவிட்டு டிவி பாருங்கள். இதற்கெல்லாம் நாய் தலைதூக்காத நிலை வந்தபின் கதவைத் திறந்து மூடுங்கள். அப்புறம் வெளியே 5 விநாடி, 10 விநாடி, ஒரு நிமிடம். பதறத் தொடங்கும் முன்பே திரும்பிவிட வேண்டும். வெங்காயமும் உப்பும் சேராத தயிர்சாதத்தை ரப்பர் பொம்மைக்குள் அடைத்து, ஃப்ரீசரில் உறையவைத்துக் கொடுத்தால் நக்கிக்கொண்டிருக்கும். அதைத் தொடவில்லையென்றால் நேரத்தை அவசரப்பட்டுக் கூட்டிவிட்டீர்கள், குறையுங்கள். பயிற்சி நடக்கும் வாரங்களில் முழுநாள் தனிமை கூடவே கூடாது. பாட்டியை ஊரிலிருந்து வரவழையுங்கள், இருவரும் மாறிமாறி வீட்டிலிருந்து வேலை பாருங்கள். பலர் கோட்டைவிடுவது இந்த இடத்தில்தான்.

கூண்டில் அடைப்பது, மொட்டைமாடியில் கட்டிப்போடுவது இரண்டும் வேண்டாம். கம்பியைக் கடித்துப் பல் உடைந்து, நகம் பெயர்ந்து வருகிற நாய்களுக்கு நாங்கள்தான் கட்டுப்போடுகிறோம். துணைக்கு இன்னொரு குட்டி வாங்கியும் ஊளை நிற்காத வீடுகள் உண்டு. அது ஏங்குவது உங்களுக்காக.

பதற்றம் முற்றிப்போனால் மருந்து உண்டு. க்ளோமிப்ரமின் 1998இலும் ஃப்ளூவாக்ஸெட்டின் 2007இலும் நாய்களின் பிரிவுப் பதற்றத்துக்கென்றே அமெரிக்காவில் அனுமதி பெற்றன. பலன் தெரிய 4 முதல் 6 வாரம் ஆகலாம்; பயிற்சியும் கூடவே நடக்க வேண்டும். மருந்தால் நாய் மந்தமாகிவிடும் என்று பயந்து மாதக்கணக்கில் அதைத் தவிக்கவிடுவதில் எனக்கு உடன்பாடில்லை. அதற்காகத் தாத்தாவின் தூக்க மாத்திரையில் பாதியை உடைத்துக் கொடுத்துவிடாதீர்கள்.

பத்து வயதுவரை நிம்மதியாகத் தனியே இருந்த நாய் திடீரென்று இப்படித் தொடங்கினால், பயிற்சியைத் தள்ளிவைத்துவிட்டு மருத்துவரிடம் காட்டுங்கள். பார்வை மங்கியிருக்கலாம், மூட்டு வலிக்கலாம், முதுமை மறதியும் தொடங்கியிருக்கலாம்.